உங்கள் போனில் அது ஆஃபில்தான் இருக்கிறதா? டிஃபால்ட் பாதுகாப்பைச் சரிபார்ப்பது எப்படி

போன வருஷ மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்தது இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஆட்கள் கரையில் இருப்பதால் ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் நான் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் கடையில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. நிவாரணத் தொகை ஏறியதா என்று பார்க்க ஒருவர், பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்துக்கு ஒருவர், ஜெராக்ஸுக்கு நாலு பேர். அப்படி ஒரு பகலில் சம்மாட்டி அண்ணன் ஒருவர் போன் செய்தார். சொந்தமாக ஒரு விசைப்படகு வைத்திருப்பவர்.

“தம்பி, வாட்ஸப்புல ஒரு கல்யாணப் பத்திரிகை வந்திருக்கு. தொட்டா ஏத்தவான்னு கேக்குது. அமுக்கலாமா?”

பிரிண்டரில் பேப்பர் சிக்கியிருந்தது. அதை உருவிக்கொண்டே பதில் சொன்னேன். “தெரியாத ஆப் எதுவும் போன்ல தானா ஏறாதுண்ணே. டிஃபால்ட்டாவே அது தடுத்துத்தான் வச்சிருக்கும். பயப்படாதீங்க.”

அவர் அமுக்கினார். வந்தது பத்திரிகை இல்லை, ஏபிகே கோப்பு. ஆண்ட்ராய்டு போனில் ஒரு ஆப்பை ஏற்றுவதற்கான மூட்டை அது. ஏறியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டது, அதையும் கொடுத்துவிட்டார். வங்கியிலிருந்து வந்த ஓடிபி எல்லாம் அவருக்கு முன்னால் வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்தது. தடை முடிந்ததும் டீசலுக்கும் ஐஸுக்கும் என்று வைத்திருந்த பணம் அரை மணி நேரத்தில் கணக்கைவிட்டு வெளியேறியது. கடைக்கு ஓடி வந்தார். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்தோம். கொஞ்சம் பணத்தை வழியில் நிறுத்திவிட்டார்கள். மீதி போனது போனதுதான்.

அவர் என்னைத் திட்டவில்லை. “நீ சொன்னியேன்னுதான் தம்பி அமுக்குனேன்” என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. ப்ளே ஸ்டோருக்கு வெளியே இருந்து வரும் ஆப்களை ஏற்றும் அனுமதி ஆண்ட்ராய்டில் டிஃபால்ட்டாக ஆஃபில்தான் இருக்கும். ஆனால் அது கடையிலிருந்து பிரித்த புதுப் போனைப் பற்றிய உண்மை. அண்ணன் கையில் இருந்த போனில் அது ஆனில் இருந்தது. இரண்டு நாளைக்கு முன்னால் பேரன் ஒரு கேம் ஏற்றுவதற்காக அதைத் திறந்துவிட்டிருக்கிறான். ஸ்கூல் சிநேகிதன் வாட்ஸப்பில் அனுப்பிய கேம். கேம் பிடிக்காமல் அன்றைக்கே அழித்தும் விட்டான். திறந்த கதவு திறந்தபடியே இருந்தது.

டிஃபால்ட் என்றால் என்ன?

டீக்கடையில் “அண்ணே, ஒரு டீ” என்றால் சர்க்கரை போட்ட டீதான் வரும். சர்க்கரை வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் எது வருமோ, அதுதான் டிஃபால்ட். தமிழில் இயல்புநிலை, முன்னிருப்பு என்றெல்லாம் எழுதுகிறார்கள். பேச்சில் எல்லோரும் டிஃபால்ட் என்றே சொல்வதால் இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

ஒரு மென்பொருளில் நூற்றுக்கணக்கில் சுவிட்சுகள் இருக்கும். அவை ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று செய்தவர்கள் முன்கூட்டியே தீர்மானித்து அனுப்புகிறார்கள். அந்தத் தீர்மானம் ஏன் இத்தனை முக்கியம் என்றால், நம்மில் பெரும்பாலானவர்கள் செட்டிங்ஸ் பக்கமே போவதில்லை. வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஓட்டுகிறோம்.

நல்ல டிஃபால்ட் எப்படி இருக்கும் என்பதற்கு நம் ஊர் பாம்பன் பாலத்தைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம். பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி இருக்கிறது. காற்று குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் சிக்னல் சிவப்புக்கு மாறும், ரயில் ஏறாது. ரயில்வே சிக்னலுக்கு இன்னொரு அடிப்படை விதியும் உண்டு. கம்பி அறுந்தாலும் கருவி கெட்டாலும் அது ‘நில்’ என்ற பக்கமே சாய வேண்டும். யாரும் ஒன்றும் செய்யாமல் விட்டால் ஆபத்தில்லாத நிலையில் போய் நிற்பது. பாதுகாப்பான டிஃபால்ட் என்பது இதுதான்.

மென்பொருள் உலகம் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றது. 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோதே அதற்குள் ஃபயர்வால் இருந்தது. வெளியிலிருந்து வேண்டாத இணைப்புகள் கம்ப்யூட்டருக்குள் நுழையாமல் தடுக்கும் வேலி அது. இருந்தது, ஆனால் டிஃபால்ட்டாக ஆஃபில் இருந்தது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு, அதாவது கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தானாகவே தாவும் கெட்ட நிரல், உலகம் முழுக்கப் பரவியது. எந்தக் கோப்பையும் திறக்க வேண்டியதில்லை, இணையத்தோடு இணைத்தாலே போதும். 60 விநாடியில் அணையப்போகிறேன் என்று திரையில் எண்ணிக்கை ஓடும். அந்த வேலி மட்டும் ஆனில் இருந்திருந்தால் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் தப்பித்திருக்கும். மறு வருஷம், 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2 என்ற பெரிய அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் அதை டிஃபால்ட்டாக ஆன் செய்தது. வசதி இருப்பது வேறு, அது ஆனில் இருப்பது வேறு.

‘டிஃபால்ட்டாக இருக்கும்’ என்ற பேச்சு எங்கே வழுக்குகிறது?

அண்ணன் போனில் நடந்ததுதான் இதில் மிகச் சாதாரணம். யாரோ, ஏதோ ஒரு வேலைக்காக, ஒரு தடவை மாற்றிவிட்டார்கள். மாற்றியவருக்கு மறந்துபோகிறது. போனின் சொந்தக்காரருக்குத் தெரியவே தெரியாது. டிஃபால்ட் என்பது ஆரம்ப நிலை மட்டுமே. அதற்குப் பிறகு அந்தக் கருவி எத்தனை கை மாறியது என்பதை அந்தச் சொல் சொல்லாது.

கை மாறுவது என்றதும் கீழக்கரையிலிருந்து ஒரு காக்கா (அங்கே முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கொண்டுவந்த லேப்டாப் நினைவுக்கு வருகிறது. மகன் வளைகுடாவில் வேலை பார்த்த கம்பெனி பழைய லேப்டாப்களை மலிவாகக் கொடுத்ததில் ஒன்றை ஊருக்கு அனுப்பியிருந்தார். விண்டோஸோடு சேர்ந்தே வரும் ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டரின் நேரடிப் பாதுகாப்பு டிஃபால்ட்டாக ஆனில் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். இதில் ஆஃபில் இருந்தது. ஆன் செய்யப் போனால் சுவிட்சே சாம்பல் நிறத்தில், தொட முடியாமல். உங்கள் நிர்வாகி இதை நிர்வகிக்கிறார் என்று கீழே ஒரு வரி. கம்பெனி தன் தேவைக்குப் போட்ட விதி லேப்டாப்போடு சேர்ந்து கடல் தாண்டி வந்திருக்கிறது. அந்த நிர்வாகியை காக்கா எங்கே போய்த் தேடுவார்? வேண்டிய கோப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு விண்டோஸை முதலிலிருந்து புதிதாக ஏற்றினோம். பழைய கருவி வாங்கினால் முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள். அடுத்தவர் விட்டுச்சென்ற சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தேடுவதைவிட இது எளிது.

டிஃபால்ட் மாறியது என்று செய்தி வந்தால் அது யாருக்கு மாறியது என்றும் கேட்க வேண்டும். பெரும்பாலும் புதிதாக வருபவர்களுக்கு மட்டும்தான். இதற்கு நல்ல உதாரணம் நம் பர்ஸிலேயே இருக்கிறது. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. புதிதாகக் கொடுக்கும் ஏடிஎம் கார்டும் கிரெடிட் கார்டும் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடையில் தேய்க்கும் மெஷினிலும் மட்டுமே வேலை செய்ய வேண்டும். ஆன்லைன், வெளிநாடு, தொடாமல் செலுத்துவது எல்லாம் ஆஃபில் இருக்க வேண்டும். வேண்டியவர்கள் கேட்டு ஆன் செய்துகொள்ளலாம். அது அந்த ஆண்டு அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அருமையான டிஃபால்ட். ஆனால் அப்போதே கையில் இருந்து, அந்த வசதிகளை ஒரு தடவையாவது பயன்படுத்தியிருந்த பழைய கார்டுகளில் எதை நிறுத்துவது என்று வங்கிகளே முடிவு செய்யலாம் என்று விட்டிருந்தார்கள். ஆகவே உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆனில் இருக்கிறதா என்ற கேள்விக்கு ரிசர்வ் வங்கியின் உத்தரவு விடை சொல்லாது. வங்கியின் ஆப்பைத் திறந்து கார்டு பகுதியில் உள்ள சுவிட்சைப் பார்த்தால்தான் விடை.

இதையெல்லாம்விட நுட்பமானது ஒன்று உண்டு. சுவிட்ச் ஆனில்தான் இருக்கும், ஆனாலும் பாதுகாப்பு வேலை செய்யாது. இணையத்திலிருந்து வந்த எக்செல், வேர்ட் கோப்புகளில் மேக்ரோ என்ற குட்டி நிரல்கள் ஓடாதபடி 2022-இல் மைக்ரோசாஃப்ட் டிஃபால்ட்டாகத் தடை போட்டது. ஒரு கோப்பு இணையத்திலிருந்து வந்தது என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? பதிவிறக்கும்போது பிரவுசர் அதன்மேல் ஒரு கண்ணுக்குத் தெரியாத முத்திரை குத்துகிறது. அந்த முத்திரை விண்டோஸ் ஹார்டு டிஸ்கில் நிற்கும். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பென்டிரைவில் நிற்காது, ஏனென்றால் அவை ஃபேட்32 போன்ற பழைய வடிவமைப்பில் இருக்கின்றன, முத்திரையை வைக்க அங்கே இடமில்லை. ஒரு கம்ப்யூட்டரில் இறக்கிய கோப்பைப் பென்டிரைவில் போட்டு இன்னொன்றில் திறந்தால், அந்த இன்னொரு கம்ப்யூட்டரின் கண்ணில் அது உள்ளூர்க் கோப்பு. தடை போட்டவர் வாசலில் நிற்கிறார், கோப்பு கொல்லைப்புறமாக வந்துவிட்டது. என் கடைக்கு வருபவர்களில் பாதிப்பேர் பென்டிரைவோடுதான் வருகிறார்கள் என்பதால் இது எனக்கு வெறும் ஏட்டுச் செய்தி இல்லை.

அப்படியானால் எப்படிச் சரிபார்ப்பது?

மறுபடியும் டீக்கடைக்கு வருவோம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் “சர்க்கரை இல்லாம” என்று சொல்லித்தான் வாங்குவார்கள். மாஸ்டர் போடவில்லை என்று சொல்லியும் கொடுப்பார். அப்படியும் முதல் வாயை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்கள். இதில் மூன்று படி இருக்கிறது. என்ன வர வேண்டும் என்று தெரிந்திருப்பது, வந்தது அதுதானா என்று கேட்பது, ஒரு வாய் குடித்துப் பார்ப்பது. மென்பொருளிலும் இதே மூன்றுதான்.

முதலில், உங்கள் பதிப்பில் டிஃபால்ட் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். செய்த கம்பெனியின் உதவிப் பக்கத்தில் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பையன் சொல்வதையும் என்னைப் போன்ற கடைக்காரன் போனில் சொல்வதையும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். பதிப்பு எண் முக்கியம். ஆண்ட்ராய்டிலேயே 2017-இல் வந்த 8-ஆம் பதிப்புக்கு முன்னால், தெரியாத ஆப்களுக்கு ஒரே ஒரு பொதுச் சுவிட்ச்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி. க்ரோமுக்கு ஒன்று, வாட்ஸப்புக்கு ஒன்று, கோப்புகளைக் காட்டும் ஃபைல்ஸ் ஆப்புக்கு ஒன்று. பழைய விளக்கத்தைப் படித்துவிட்டுப் புதுப் போனில் அந்த ஒற்றைச் சுவிட்சைத் தேடினால் கிடைக்காது.

அடுத்து, சுவிட்சை உங்கள் கண்ணால் பாருங்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ், அதற்குள் இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ். போனுக்குப் போன் வழி கொஞ்சம் மாறும். அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது, செட்டிங்ஸ் மேலே உள்ள தேடல் பெட்டியில் ‘அன்நோன்’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள், தானாக வந்து நிற்கும். போனைத் தமிழில் வைத்திருப்பவர்கள் ‘அறியப்படாத’ என்று தேடலாம். ஆப்களின் பட்டியல் வரும். ஒவ்வொரு பெயருக்கும் கீழே சின்ன எழுத்தில் அனுமதி உண்டு, இல்லை என்று போட்டிருக்கும். பட்டியலைக் கடைசி வரை தள்ளிப் பாருங்கள். மேலே நாலு பெயரைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று மூடிவிடுகிறவர்கள் அதிகம். அண்ணன் போனில் வாட்ஸப் கடைசியில்தான் இருந்தது.

மூன்றாவது படியை யாரும் செய்வதில்லை. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

திரையில் ஆஃப் என்று இருப்பதால் மட்டும் உள்ளே ஆஃபாகிவிட்டது என்று அர்த்தமில்லை. வைஃபை ரவுட்டரில் டபிள்யூபிஎஸ் என்று ஒரு வசதி உண்டு, பாஸ்வேர்டு இல்லாமல் 8 இலக்க எண்ணை வைத்து இணைத்துக்கொள்ள. பல ரவுட்டர்களில் அது ஆனிலேயே வரும். 2011 கடைசியில் அதில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அந்த 8 இலக்கத்தை ரவுட்டர் இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்ப்பதால், கோடிக்கணக்கில் முயல வேண்டியதில்லை, அதிகபட்சம் 11,000 முறை முயன்றால் போதும், எண் சிக்கிவிடும். சரி, ஆஃப் செய்துவிடுங்கள் என்றார்கள். சில மாடல்களில் ஆஃப் செய்த பிறகும் உள்ளே அது ஓடிக்கொண்டே இருந்தது. சுவிட்ச் வெறும் படமாக நின்றது. வெளியிலிருந்து ஒருவர் சோதித்துப் பார்த்ததால்தான் அது தெரியவந்தது.

ஆகவே ஒரு வாய் குடித்துப் பாருங்கள். போனில் இப்படிச் செய்யலாம். எஃப்-டிராய்ட் என்று, சுதந்திர மென்பொருள்களை மட்டும் வைத்திருக்கும் ஓர் ஆப் கிடங்கு இருக்கிறது. நம்பகமானது. அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்து அவர்களின் ஏபிகே கோப்பை இறக்குங்கள். அதை வேறொரு போனிலிருந்து உங்கள் போனுக்கு வாட்ஸப்பில் டாக்குமெண்டாக அனுப்பித் தொட்டுப் பாருங்கள். பாதுகாப்பு வேலை செய்தால், உங்கள் பாதுகாப்புக்காக இந்த வழியிலிருந்து தெரியாத ஆப்களை ஏற்ற இந்தப் போனுக்கு இப்போது அனுமதி இல்லை என்ற பொருளில் ஒரு பெட்டி எழும். கீழே ரத்துசெய், செட்டிங்ஸ் என்று இரண்டு பொத்தான் இருக்கும். அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டால் போதும், ரத்துசெய் என்பதை அமுக்கி வெளியே வந்துவிடுங்கள். அந்தப் பெட்டி வராமல், நேரே இந்த ஆப்பை நிறுவவா என்று கேட்டால் கதவு திறந்து கிடக்கிறது என்று பொருள். அண்ணனிடம் போன் கேட்டது இந்த இரண்டாவது கேள்வியைத்தான். ‘ஏத்தவான்னு கேக்குது’ என்று அவர் தெளிவாகத்தான் சொன்னார். கேட்ட எனக்குத்தான் அப்போது உறைக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, நீங்கள் எந்த ஆப் வழியாகத் தொட்டீர்களோ அந்த ஒரு வழியை மட்டும்தான் சோதித்திருக்கிறீர்கள். க்ரோமில் இறக்கிய கோப்பை ஃபைல்ஸ் ஆப்பில் போய்த் தொட்டால் அது ஃபைல்ஸ் ஆப்பின் சோதனை, க்ரோமின் சோதனை இல்லை. வாட்ஸப், பிரவுசர், ஃபைல்ஸ், கோப்பு பரிமாறும் ஆப் ஏதாவது வைத்திருந்தால் அது என்று நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் வழிகளைத் தொட்டுப் பார்த்தால் போதுமானது. இருபது ஆப்பையும் சோதிக்க வேண்டியதில்லை.

விண்டோஸில் வைரஸ் பாதுகாப்பைச் சோதிக்க இதைவிட அழகான ஏற்பாடு இருக்கிறது. இகார் என்ற ஐரோப்பிய அமைப்பு 68 எழுத்துகள் கொண்ட ஒரு சோதனைக் கோப்பை வைத்திருக்கிறது. அதில் ஒரு தீங்கும் இல்லை, வைரஸ் கிடையாது. ஆனால் இந்த 68 எழுத்தைக் கண்டால் வைரஸைக் கண்டதுபோலக் கத்த வேண்டும் என்று ஆன்டிவைரஸ் தயாரிப்பவர்கள் தங்களுக்குள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இகார் தளத்திலிருந்து அதை இறக்க முயலுங்கள். டிஃபெண்டர் விழித்திருந்தால் கோப்பு வந்த வேகத்தில் காணாமல் போகும், மூலையில் ஒரு எச்சரிக்கை வரும். கோப்பு சத்தமில்லாமல் டவுன்லோட்ஸில் உட்கார்ந்திருந்தால் காவல் தூங்குகிறது. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து என்ன ஆனது என்று பாருங்கள். பச்சை டிக் போட்டிருந்தும் கோப்பு உட்கார்ந்திருந்தால் தெரிந்தவர்களிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். வேறு ஆன்டிவைரஸ் ஏற்றியிருந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும், அது கோளாறு இல்லை. அப்போது கத்த வேண்டியது அந்த இன்னொன்று.

ஆஃபிலேயே வரும் பாதுகாப்புகள்

இதுவரை சொன்னது, பாதுகாப்பாக வந்த ஒன்று பின்னால் கெட்டுப்போவதைப் பற்றி. தொடக்கத்திலிருந்தே ஆஃபில் வருபவையும் உண்டு. அவற்றை நீங்களாகப் போய் ஆன் செய்யாவிட்டால் எத்தனை வருஷமானாலும் ஆஃப்தான்.

வாட்ஸப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும் செய்தியைப் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்வது 2016 ஏப்ரலிலிருந்து எல்லோருக்கும் டிஃபால்ட்டாக ஆனில் இருக்கிறது. அதற்கு சுவிட்சே கிடையாது. இதைக் கேள்விப்பட்டவர்கள் வாட்ஸப்பில் எல்லாமே அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். போன் தொலைந்தால் திரும்ப எடுக்க கூகுள் டிரைவில் போகிறதே பேக்கப், அதற்கு அதே மாதிரி பூட்டுப் போடும் வசதி 2021-இல் வந்தது. அதை நாமாகத்தான் ஆன் செய்ய வேண்டும். அதேபோல டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன். யாராவது உங்கள் ஓடிபியை ஏமாற்றி வாங்கி உங்கள் எண்ணில் வாட்ஸப் திறக்கப் பார்த்தால், நீங்கள் வைத்த 6 இலக்க ரகசிய எண்ணையும் அது கேட்கும். இதுவும் நாமாக வைக்க வேண்டியது. பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் அக்கா ஒருவர் தன் மகளிர் குழுவுக்குத் தலைவி. குழுவின் கணக்கு, கடன் தவணை எல்லாம் அவருடைய வாட்ஸப் வழியாகத்தான் ஓடுகிறது. அவர் எண்ணை ஒருவன் பிடித்தால் குழு முழுக்க, ‘அக்கா கேட்டாங்க’ என்று பணம் அனுப்பிவிடும். அவருக்கு இதை ஆன் செய்து கொடுக்க ஒரு நிமிஷம்தான் ஆனது. ரகசிய எண்ணை அவரே யோசித்து வைத்தார், நான் திரும்பி நின்றுகொண்டேன்.

மீன் கம்பெனி ஷெட்டிலும் கருவாட்டுக் கிடங்கிலும் மாட்டியிருக்கும் சிசிடிவிக்கும் இதே கதை. ‘அட்மின்’ என்ற பெயரும் ஊருக்கே தெரிந்த பாஸ்வேர்டுமாக வந்ததை மாட்டியவர் அப்படியே விட்டுப் போயிருப்பார். இதனால் என்ன ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். 2016-இல் மிராய் என்ற நிரல் அறுபதுக்கு மேற்பட்ட டிஃபால்ட் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்துக்கொண்டு உலகெங்கும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அந்த அக்டோபர் 21-ஆம் தேதி அவற்றையெல்லாம் ஒன்றாக ஏவி டைன் என்ற நிறுவனத்தைத் திணறடித்தது. தளத்தின் பெயரைத் தட்டினால் அதன் இணைய முகவரியைத் தேடித் தரும் நிறுவனம் அது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பல இடங்களில் மணிக்கணக்கில் திறக்கவில்லை. உங்கள் கேமராவில் பழைய பாஸ்வேர்டைப் போட்டுப் பாருங்கள். திறந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

விண்டோஸில் எனக்குப் பிடிக்காத டிஃபால்ட் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோப்புப் பெயரின் கடைசியில் அது எந்த வகைக் கோப்பு என்று காட்டும் ஒட்டுச்சொல்லை விண்டோஸ் மறைத்துவைக்கும். ‘பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’ என்ற கோப்பு திரையில் ‘பில்.பிடிஎஃப்’ என்று தெரியும். பார்ப்பவர் பில் என்று நினைத்து ஒரு நிரலை ஓட்டிவிடுவார். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ பகுதிக்குப் போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை ஆன் செய்யுங்கள். என் கடையின் ஆறு கம்ப்யூட்டரிலும் செய்திருக்கிறேன்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை பார்ப்பது என்று கேட்கிறார்கள். நாள் கணக்கு வைக்க வேண்டாம். எப்போது மாறியிருக்கும் என்று யோசித்தால் போதும். பெரிய அப்டேட் வந்த பிறகு, போன் சர்வீஸுக்குப் போய்த் திரும்பிய பிறகு, பிள்ளைகள் கையில் ஒரு லீவு முழுக்க இருந்த பிறகு, புது ஆன்டிவைரஸ் ஏற்றிய பிறகு. கடையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்தக் கம்ப்யூட்டர், எந்த சுவிட்ச், எப்படிச் சோதித்தேன், தேதி. யாராவது போனில் “அது ஆன்ல இருக்குமா தம்பி?” என்று கேட்டால் இப்போதெல்லாம் இருக்கும் என்று சொல்வதில்லை. நான் கண்ணால் பார்க்காத போனைப் பற்றி எனக்கென்ன தெரியும்? கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்கிறேன். வர முடியாதவர்களிடம், திரையில் எழுதியிருப்பதை ஒரு எழுத்து விடாமல் வாசிக்கச் சொல்கிறேன்.

இந்த வருஷம் தடை முடிந்த அன்று சாயங்காலம் அண்ணன் கடைக்கு வந்தார். ஐஸ் ஏற்றியாகிவிட்டது, விடிவதற்கு முன்னால் படகு கிளம்ப வேண்டும். லீவுக்குப் பேரன் மறுபடி வந்திருந்தானாம்.

“தம்பி, அது ஆஃப்லதான இருக்கு?”

“காட்டுங்கண்ணே” என்று போனை வாங்கினேன். பட்டியலைக் கடைசி வரை தள்ளினேன். வாட்ஸப்புக்கு அனுமதி இல்லை. க்ரோமுக்கும் இல்லை. பாட்டு அனுப்பிக்கொள்ள வைத்திருந்த கோப்பு பரிமாறும் ஆப் ஒன்றுக்கு அனுமதி உண்டு என்று இருந்தது. அதை அவர் கையாலேயே ஆஃப் செய்ய வைத்தேன். பிறகு என் போனிலிருந்து எஃப்-டிராய்ட் கோப்பை வாட்ஸப்பில் ஒரு தடவை, அந்த ஆப் வழியாக ஒரு தடவை அனுப்பினேன். அவர் இரண்டையும் தொட்டார். இரண்டு தடவையும் அனுமதி இல்லை என்ற பெட்டி எழுந்தது. வாசித்துப் பார்த்துவிட்டு ரத்துசெய்யை அமுக்கினார். போனைப் பாலிதீன் கவரில் போட்டு ரப்பர் பேண்டு சுற்றிக்கொண்டு ஜெட்டிக்குக் கிளம்பினார்.